நம் ஊர்ச் சுவரோவியங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் வட பேராக்கில், சுங்கை சிப்புட்டுக்கும் கோலகங்சாருக்கும் இடைப்பட்ட தோட்டப்புற ஊர் எங்களுடையது. ஒரு கடைத்தெரு, ஒரு மாரியம்மன் கோயில், ஒரு தமிழ்ப்பள்ளி, ரப்பர் பாலைக் கொண்டுவந்து சேர்த்த, இப்போது பூட்டிக் கிடக்கும் ஒரு பால் ஸ்டோர். சுற்றிலும் ஒரு காலத்தில் ரப்பர், இப்போது செம்பனை. இந்த ஊரின் கதையைச் சுவர்களில் வரையவைத்த தன்னார்வலர்களிடம் வெளியூர்க்காரர்கள் கேட்பது ஒருவிதம். உள்ளூர்க்காரர்கள் இடுப்பில் கைவைத்துக்கொண்டு கேட்பது வேறுவிதம். இருவருக்கும் சேர்த்தே இங்கே பதில் சொல்லியிருக்கிறோம்.

ஒரு மணி நேரம்தான் இருக்கிறது. எந்த ஓவியத்தைப் பார்ப்பது?

பால் ஸ்டோர் சுவர். விடியற்காலை இருட்டில், நெற்றியில் விளக்குக் கட்டிய ஒரு பெண் குனிந்து மரம் வெட்டுகிறாள், அதாவது பாலுக்காக ரப்பர் மரத்தின் பட்டையைச் சீவுகிறாள். இடுப்பில் கொசுவர்த்தி டப்பா புகைகிறது. பக்கத்தில் வாளிகளைத் தோளில் சுமக்கும் காண்டாக் கம்பும் இரண்டு வாளிகளும் கிடக்கின்றன. கிட்டே போய் மரத்தின் பட்டையைப் பாருங்கள். வெட்டுக்கோடு இடப்புறம் மேலே தொடங்கி வலப்புறம் கீழே இறங்குகிறது, அதன் முனையில் தகர நாக்கு, நாக்குக்குக் கீழே பால் வடிந்து விழும் மங்கு.

ஓவியர் ஈப்போக்காரர், தோட்டம் அறியாதவர். அவர் முதலில் கரிக்கோட்டில் போட்ட வரைவில் வெட்டு வலமிருந்து இடமாக இறங்கியது. வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த ஓய்வுபெற்ற பால்மரத் தொழிலாளியான ஓர் அம்மா, "தம்பி, இது எந்த நாட்டு மரம்?" என்று கேட்டார். பட்டைக்குள் பால் ஓடும் குழாய்கள் நேர்குத்தாக ஏறுவதில்லை, சற்றே சாய்ந்து ஏறுகின்றன. இடது மேலிருந்து வலது கீழாக அறுத்தால்தான் அதிகக் குழாய்கள் அறுபட்டுப் பால் நன்றாக வடியும். உளி ஆழமாகப் போய்க் கட்டையில் பட்டால் மரத்தில் காயம் விழும், வேலையை மேற்பார்க்கும் கங்காணியிடம் பேச்சும் விழும். அதற்காகவே ஓவியத்தின் கீழ்ப்பாதியில், பழைய பட்டையில், முடிச்சு முடிச்சாக இரண்டு காயங்கள் வரையப்பட்டிருக்கின்றன. அவை எங்கே இருக்க வேண்டும் என்று விரலால் தொட்டுக் காட்டியவர் அதே அம்மாதான்.

ஏன் எல்லா ஓவியங்களிலும் இருட்டாகவே இருக்கிறது?

எல்லாவற்றிலும் இல்லை, மூன்றில் மட்டும். மரத்துக்குள் நீரழுத்தம் அதிகமாக இருப்பது விடியலுக்கு முந்திய குளிர்ந்த வேளையில். வெயில் ஏற ஏறப் பால் வடிவது குறைந்துவிடும். ஆகவே பெரட்டு என்ற காலை ஆள்கணக்கெடுப்பில் பேர் கொடுத்து, தனக்கு ஒதுக்கிய மர நிரைக்குப் போய், முதல் மரத்தில் உளி வைக்கும்போது வானம் வெளுத்திருக்காது. தோட்டத்துக்காரரின் பாதி வாழ்க்கை வெளிச்சம் வருமுன்பே முடிந்துவிடுகிறது. அதைப் பளிச்சென்ற மஞ்சளில் வரைந்தால் சுற்றுலாத் துண்டறிக்கைக்கு நன்றாக இருந்திருக்கும்.

அந்தப் பெண் யார்? என் பாட்டியைப் போலவே இருக்கிறாரே.

இப்படிச் சொல்லும் குடும்பங்கள் பல. ஒவ்வொரு குடும்பமும் ஒரு பழைய படத்தையும் கையில் கொண்டுவருகிறது. யாரையும் பார்த்து வரைந்த முகமல்ல அது. தனிப்பட்ட எவருடைய சாயலும் வரக்கூடாது என்பது தொடக்கத்திலேயே எடுத்த முடிவு. சிறிய ஊரில் ஒருவர் முகத்தைச் சுவரில் ஏற்றினால், ஏறாதவர்களின் பேரப்பிள்ளைகளுக்கும் நாம்தான் பதில் சொல்ல வேண்டும். உங்கள் பாட்டி என்றே வைத்துக்கொள்ளுங்கள், எங்களுக்கு ஆட்சேபம் இல்லை.

பினாங்குபோல ஒரு நிஜ சைக்கிளைச் சுவரில் பதித்து வைத்தால் கூட்டம் வருமே?

இது மாதம் தவறாமல் வரும் யோசனை. 2012இல் ஜார்ஜ் டவுன் ஆர்மீனியன் தெருவில் லித்துவேனிய ஓவியர் எர்னஸ்ட் சகரேவிச் இரண்டு சிறுவர்களை வரைந்து, சுவரோடு ஒரு நிஜ சைக்கிளைச் சேர்த்தார். வரிசையில் நின்று படமெடுத்துக்கொள்ளும் வழக்கம் அங்கிருந்து நாடு முழுக்கப் பரவியது. 2014இல் அவரே ஈப்போவிலும் வரைந்தார். நல்ல ஓவியங்கள், மறுப்பில்லை. அவற்றைப் பார்த்து நகரத்துக்கு நகரம் முளைத்த சைக்கிள்களைப் பற்றி எங்களுக்குச் சொல்ல நல்ல வார்த்தை ஏதும் இல்லை.

எங்கள் கடைத்தெருச் சுவரிலும் ஒரு சைக்கிள் இருக்கிறது, வெறும் சாயத்தில். அதை வரைந்ததற்குக் காரணம் வேறு. பழைய தோட்டங்களில் எதிரே வெள்ளைக்கார நிர்வாகியான துரை வந்தால் தொழிலாளி சைக்கிளைவிட்டு இறங்கி நின்றாக வேண்டும். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நடந்த வேலைநிறுத்தத்தில், கூலி உயர்வோடு சேர்த்து இந்த வழக்கத்தை ஒழிக்க வேண்டும் என்பதும் ஒரு கோரிக்கையாக எழுதிக் கொடுக்கப்பட்டது. அந்தப் போராட்டத்தை நடத்திய ஆர். எச். நாதன் கைதாகி நாடு கடத்தப்பட்டார். மே மாதத்தில் படை இறங்கியது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் இறந்தார்கள்.

கிள்ளான் எங்கள் ஊரல்ல. இறங்கி நிற்கும் வழக்கம் மட்டும் எங்கள் பெரியவர்களுக்கும் தெரிந்ததுதான். ஓவியத்தில் ஒருவர் சைக்கிளில் உட்கார்ந்தபடியே போகிறார். பாதையோரம் தொப்பி வைத்த துரை நிற்கிறார். அவ்வளவே படம். சைக்கிள்காரர் துரையைப் பார்க்கவில்லை, பெடலில் இருக்கும் தன் காலையும் பார்க்கவில்லை, நேரே பார்க்கிறார். இந்தச் சைக்கிளில் ஏறி உட்கார்ந்து படமெடுக்க ஏற்பாடு செய்ய எங்களுக்கு மனம் வரவில்லை.

கப்பல் ஓவியத்தில் 'ரஜூலா' என்று எழுதியிருக்கிறது. எல்லாரும் அதில்தான் வந்தார்களா?

இல்லை. ஆனால் எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள். ரஜூலா 1926இல் கட்டப்பட்டு 1970களின் தொடக்கம்வரை சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஓடிய கப்பல். தலைமுறைகளை ஏற்றி இறக்கியதால், 'கப்பல்' என்றாலே ரஜூலா என்று ஆகிவிட்டது. உங்கள் கொள்ளுத்தாத்தா முதல் உலகப் போருக்கு முன்பே வந்தவர் என்றால் அவர் வந்தது வேறு கப்பல்.

வந்த முறையிலும் காலத்துக்குக் காலம் வேறுபாடு உண்டு. ஒப்பந்தக் கூலி முறை 1910இல் நிறுத்தப்பட்டது. கங்காணி தன் ஊருக்கே போய்ச் சொந்தபந்தங்களைத் திரட்டி வரும் முறை அதற்குப் பின்னும் ஓடியது. 1938இல் இந்திய அரசு தோட்ட வேலைக்கு ஆள் அனுப்புவதற்குத் தடை போட்டது. ஓவியத்தின் கீழ்த்தளத்தில் டிரங்குப் பெட்டியின்மேல் உட்கார்ந்திருக்கும் சிறுவனின் கையில் ஏன் ஒரு கோழி இருக்கிறது என்று பலர் கேட்கிறார்கள். ஓவியரின் விருப்பம். கங்காணி முறையைப் பற்றி எங்களிடம் ஆதாரம் கேளுங்கள், கோழியைப் பற்றிக் கேட்காதீர்கள்.

1948 என்று எழுதிய சுவரில் ஏன் ஒரு பால் டின்னும் ஆணியும்?

பெரியவர்கள் 'கம்யூனிஸ்டு காலம்' என்று சொல்லும் அவசரகாலம் எங்களுக்கு மிக அருகில் தொடங்கியது. 1948 ஜூன் 16ஆம் தேதி சுங்கை சிப்புட் வட்டாரத்தில் எல்பில் தோட்டத்திலும் இன்னொரு தோட்டத்திலுமாக மூன்று ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அடுத்த சில நாட்களுக்குள் மலாயா முழுவதும் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. 1960 ஜூலை 31ஆம் தேதிதான் அது முடிந்தது.

அதைத் துப்பாக்கியும் ரத்தமுமாக வரைய வேண்டும் என்று ஒரு தரப்பு, அந்தப் பேச்சே வேண்டாம் என்று இன்னொரு தரப்பு. கடைசியில், அந்தக் காலத்தில் இங்கே வாழ்ந்தவர்கள் எதை முதலில் சொல்கிறார்கள் என்று கவனித்தோம். அவர்கள் சொன்னது முள்வேலி, வாயிற்கதவு, சோதனை. காட்டிலிருக்கும் கம்யூனிஸ்டுப் போராளிகளுக்குச் சாப்பாடு போய்ச் சேரக்கூடாது என்பதால் வேலைக்குப் போகிறவர் சோற்றுப் பொட்டலம் கொண்டுபோகத் தடை. கடையில் டின் வாங்கினால் கடைக்காரர் அங்கேயே ஆணியால் ஓட்டை போட்டுத்தான் கொடுக்க வேண்டும், பதுக்கிவைத்தால் கெட்டுப்போகட்டும் என்று. வேலிக்கு இந்தப் பக்கம் இருந்தவர்களுக்குப் பயம் இரண்டு திசையிலிருந்தும் வந்தது. அதனால்தான் அந்தச் சுவரில் மனிதர்களே இல்லை. வேலி, பூட்டு, ஓட்டை போட்ட டின், அதிலிருந்து வழியும் பால். என்னைக் கேட்டால் எல்லாவற்றிலும் சிறந்த ஓவியம் இதுதான். கூட்டம் நிற்பதென்னவோ கப்பலுக்கு முன்னால்தான்.

சயாம் மரண ரயிலைப் பற்றி ஏன் ஒன்றும் இல்லை?

இருக்கிறது. கோயில் சந்தில் திரும்பினால், முழங்கால் உயரத்துக்குச் சுவர் நெடுக ஓடும் தண்டவாளக் கட்டைகள்தான் அது. பலர் அதை அலங்காரக் கரை என்று நினைத்துத் தாண்டிப் போய்விடுகிறார்கள். ஜப்பான்காரன் காலத்தில், 1942 முதல் 1943 வரை, சயாமிலிருந்து (இன்றைய தாய்லாந்து) பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் பாதை போட மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்கள் போனார்கள். ஆசை காட்டிக் கூட்டிப்போனதும் உண்டு, பிடித்துக்கொண்டு போனதும் உண்டு. ஏராளமானோர் திரும்பவில்லை. எலும்பும் தோலுமான உருவங்களை வரையவேண்டாம் என்று கேட்டுக்கொண்டது அந்தக் குடும்பங்கள்தான். அவர்கள் பேச்சுக்கு மேல் எங்களுக்குப் பேச்சில்லை.

கள்ளுக்கடையை வரைந்து நம் மானத்தை வாங்க வேண்டுமா?

சங்கக் கூட்டத்தில் எழுந்த கேள்வி இது, கேட்டவரின் கோபம் நியாயமானது. ஆனால் கள்ளுக்கடையைத் தோட்டத்துக்குள் கொண்டுவந்தது தொழிலாளி அல்ல. அது அனுமதியோடு, நிர்வாகத்தின் கண்முன்னே, தொழிலாளர் குடியிருந்த லயத்திலிருந்து நடக்கும் தூரத்தில் வைக்கப்பட்டது. சம்பள நாளில் கொடுத்த காசு அந்தி சாய்வதற்குள் அங்கே போய்ச் சேர்ந்தது. இதை எதிர்த்தவர்களும் தோட்டத்துக்காரர்களே. போருக்குப் பின் 1946, 1947இல் கெடாவில் தொண்டர் படை கள்ளுக்கடைகளுக்கு முன் மறியல் செய்தது, பெடோங் பக்கத்தில் அது மோதலாகவும் வெடித்தது. சுவரைத் திரும்ப ஒருமுறை பாருங்கள். கடை ஓரமாக, பாதி மறைந்து நிற்கிறது. நடுவில் நிற்பவர்கள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வழிமறிக்கும் பெண்கள்.

சீனரும் மலாய்க்காரரும் எங்கே?

கடைத்தெருவில் மளிகைக் கடைச் சுவரைப் பாருங்கள். கடை முதலாளியான சீனத் தவுக்கே கல்லாவில் உட்கார்ந்திருக்கிறார், அவர் கையில் மூன்று ஐந்து போட்ட அந்தச் சின்னக் கடன் நோட்டு. இந்த 555 நோட்டைப் பார்த்ததும் அறுபது வயதுக்கு மேற்பட்ட எவரும், எந்த இனத்தவரானாலும், சிரிப்பார்கள். சம்பளத்துக்கும் சம்பளத்துக்கும் இடையே அரிசியும் மண்ணெண்ணெயும் இந்த நோட்டை நம்பித்தான் வந்தன. மலாய்ச் சிறுதோட்டக்காரர் ஒருவர் ரப்பர் ஷீட்டுகளைச் சைக்கிள் கேரியரில் மடித்துப் போட்டுக்கொண்டு வந்து அதே கடைமுன் நிற்கிறார். விளக்கப் பலகைகளில் மலாய் முதலிலும் பெரிதாகவும், அடுத்துத் தமிழும் சீனமும் இருக்கின்றன.

அரசியல் தலைவர்கள் ஒருவரையும் காணோமே? துன் சம்பந்தன் பக்கத்து ஊர்க்காரர் அல்லவா?

ஆம், மலேசிய இந்தியர் காங்கிரசின் தலைவராக இருந்த வீ. தி. சம்பந்தன் 1919இல் சுங்கை சிப்புட்டில் பிறந்தவர். அவர் முகம் பாடநூலில் இருக்கிறது, சாலைப் பெயர்ப் பலகைகளிலும் இருக்கிறது. எங்கள் சுவருக்கு அவர் செய்த வேலையை எடுத்துக்கொண்டோம். 1950களில் ஐரோப்பிய நிறுவனங்கள் தோட்டங்களை விற்றுவிட்டுப் போக, வாங்கியவர்கள் துண்டு போட்டு விற்க, லயத்தில் இருந்தவர்கள் தெருவில் நின்றார்கள். 1960இல் அவர் முன்னின்று தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பத்துப் பத்து வெள்ளியாக (வெள்ளி என்பது மலாயா டாலர்) தொழிலாளர்கள் கட்டிய பணத்தில் கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம் முதலில் வாங்கப்பட்டது. எங்கள் ஓவியத்தில் தெரிவது மேசைமேல் சுருக்கம் நீவி விரிக்கப்பட்ட ஒரு பத்து வெள்ளி நோட்டும் அதன்மேல் ஒரு கையும். கட்சிக்காரர்கள் இருவர் தனித்தனியே வந்து குறைப்பட்டுக்கொண்டார்கள். ஒரு முகம் வைத்தால் எத்தனை முகம் வைக்க வேண்டிவரும் என்று கணக்குப் போட்டுக் காட்டியதும் இருவரும் சமாதானமாகிவிட்டார்கள்.

எங்கே பார்த்தாலும் செம்பனை. ஓவியத்தில் மட்டும் ஏன் ரப்பர்?

எங்கள் பிள்ளைகள் கேட்கும் கேள்வி. 1877இல் சிங்கப்பூரிலிருந்து வந்த ரப்பர் கன்றுகள் கோலகங்சாரில் நடப்பட்டன. அந்தப் பழைய மரங்களில் ஒன்று இன்றும் அங்கே நில அலுவலகத்துக்கு அருகில் வேலிக்குள் நிற்கிறது. பஸ் ஏறினால் பார்த்துவிட்டு வரலாம். செம்பனையும் நேற்று வந்ததல்ல. சிலாங்கூரில், இப்போது பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறிய பத்தாங் பெர்ஜுந்தைக்குப் பக்கத்திலுள்ள தென்னமரம் தோட்டத்தில் 1917இலேயே வணிகப் பயிராக நட்டுவிட்டார்கள். செயற்கை ரப்பரோடு போட்டியிட்டு விலை விழுந்தபின், 1960களிலிருந்து தோட்டம் தோட்டமாகப் பால் மரம் விழுந்தது, செம்பனை எழுந்தது. ஒரே பரப்புக்குச் செம்பனைக்கு ஆள் குறைவாகப் போதும். மிஞ்சியவர்கள் தாமான் எனப்படும் வீடமைப்புப் பகுதிகளுக்கும் பட்டணத்துப் புறம்போக்குக்கும் போனார்கள். பள்ளிச் சுவரின் கடைசிப் பகுதியில் குலை அறுக்கும் நீளக் கத்தியோடு நிற்பவர் வங்காளதேசத்துத் தொழிலாளி. அவரை ஏன் நம் வரலாற்றில் சேர்த்தீர்கள் என்றும் ஒருவர் கேட்டார். கப்பல் ஓவியத்தைக் காட்டினோம்.

பள்ளிச் சுவரில் ஏன் கூரையில்லாத கட்டடம்?

அது பழைய தோட்டப்பள்ளி, மாட்டுக்கொட்டகைக்குப் பக்கத்தில் இருந்தது. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தாலே தோட்டம் பள்ளி வைக்க வேண்டும் என்று 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் சொன்னது. சட்டத்துக்காக வைத்த பள்ளிகள் எப்படி இருந்திருக்கும் என்று ஊகிக்கலாம். சுதந்திரம் பெற்ற 1957இல் நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன, இப்போது 500 சொச்சம். கூரையை வேண்டுமென்றே வரையாமல் விட்டோம். அதில் மழைக்குப் பின் நிஜப் பாசி படர்வது எங்கள் திட்டத்தில் இல்லாதது.

எவ்வளவு காலம் தாங்கும்?

மேற்குப் பார்த்த சுவர் முதலில் வெளுக்கும். பிற்பகல் வெயில் பிரகாசமான சிவப்பையும் மஞ்சளையும் தின்றுவிடும். செம்மண், காவி, கறுப்பு போன்ற மண் நிறங்கள் நிலைக்கும். அதனால்தான் ஓவியர் அவற்றையே அதிகம் பயன்படுத்தினார். வெயிலைவிடப் பெரிய எதிரி ஈரம். பழைய கடைவீடுகளில் தரையிலிருந்து ஈரம் மேலேறி, உப்புப் பூத்து, சாயத்தைப் பொருக்காக உரித்துவிடும். வரைவதற்கு முன் பாசியைச் சுரண்டிக் கழுவி, நன்றாகக் காயவிட்டு, காரத்தைத் தாங்கும் அடிப்பூச்சு அடித்து, அதன்மேல்தான் வெளிச்சுவருக்கான அக்ரிலிக் சாயம். புதிதாகச் சிமெண்டு பூசிய இடத்தில் ஏறக்குறைய ஒரு மாதம் காத்திருந்தோம். அடிப்பூச்சில் மிச்சம் பிடித்தவர்களின் ஓவியங்கள் இரண்டு மழைக்காலம் தாண்டுவதில்லை. அப்படிச் சில ஊர்களைப் பார்த்துவிட்டோம்.

என் கடைச் சுவரிலும் வரைய முடியுமா? அனுமதி வேண்டுமா?

வேண்டும். கட்டட உரிமையாளரின் எழுத்துபூர்வமான சம்மதம் முதலில். வாடகைக்கு இருப்பவர் தலையாட்டினால் போதாது. பிறகு ஊராட்சி மன்றத்தின் அனுமதி. வரைவைக் கையோடு கொண்டுபோங்கள். 2013இல் ஜொகூர் பாருவில் சகரேவிச் வரைந்த ஓவியம் ஒன்றில், கைப்பையோடு வரும் பெண்ணுக்காக மூலையில் ஒரு கொள்ளையன் காத்திருந்தான். ஊருக்குக் கெட்ட பெயர் என்று நகராட்சி சில நாட்களிலேயே வெள்ளையடித்துவிட்டது. வெள்ளையடிக்க ஒரு பிற்பகல் போதும்.

படமெடுக்கலாமா? திருமணப் படப்பிடிப்புக்கு?

தாராளமாக. பொது இடத்தில் நிரந்தரமாக உள்ள கலைப்படைப்பைப் படமெடுப்பதை 1987ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் தடுக்கவில்லை. ஓவியரின் பெயரை வெட்டிவிட்டு உங்கள் பெயரைப் போடாதீர்கள். கள்ளுக்கடைச் சுவருக்கு முன் மாப்பிள்ளை பெண்ணை நிறுத்துவது உங்கள் விருப்பம், வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுவிடுங்கள்.

ஓவியத்தில் தவறு இருந்தால் யாரிடம் சொல்வது?

ஞாயிறு காலை பால் ஸ்டோர் வாசலில் யாராவது இருப்போம். அன்று அங்கே இருந்த ஒருவரோ, பழைய படமோ, சம்பளச் சீட்டோ, பெரட்டுப் புத்தகமோ இருந்தால் விஷயம் சீக்கிரம் முடியும். 'எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வார்கள்' என்பதையும் குறித்துக்கொள்வோம், ஆனால் சாயத்தைத் திறக்கமாட்டோம். பழைய படங்களைக் கொடுத்துவிட்டுப் போக வேண்டாம். அங்கேயே பிரதி எடுத்துக்கொண்டு கையில் தந்துவிடுவோம். பின்பக்கத்தில் பேனாவால் எழுதாதீர்கள், மை முன்பக்கம் ஊறிவிடும், பென்சில் நல்லது.

வண்டி எங்கே நிறுத்துவது?

கோயில் திடலில். வெள்ளிக்கிழமை மாலையும் திருவிழா நாட்களும் வேண்டாம். பால் ஸ்டோர் சுவரை ஒட்டி லாரி நிறுத்துபவர்களுக்கு மட்டும் ஒரு வேண்டுகோள்: பின்னால் எடுக்கும்போது அந்த அம்மாவின் வாளியை ஏற்கெனவே ஒருமுறை இடித்துவிட்டீர்கள்.